பன்னிரண்டாவது பாத்தி

தெருவுக்கு வடக்கே நெல் மில், தெற்கே தண்ணீர்த் தொட்டி, நடுவில் இருபத்தேழு வீடுகள், அத்தனை வீட்டுக்கும் ஒரே ஒரு பொதுக்குழாய், அந்தக் குழாயடியில் அத்தனை வீட்டுக் கதையும். இப்படிப்பட்ட தொட்டித் தெருவில், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பால்காரர் வந்துபோன பிறகு, சண்முகக்கனி பாத்திரம் விளக்குவதற்காகப் புறவாசல் கதவைத் திறந்தாள். பின்சுவர் இருந்த இடத்தில் இல்லை. இடிந்து விழுந்திருந்தால் அழலாம், எவனாவது தள்ளியிருந்தால் ஏசலாம். சுவர் இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் தானாகப் பின்னால் போய், அதே காரை பெயர்ந்த முகத்தோடும், மேலே பதித்த அதே கண்ணாடிச் சில்லுகளோடும் நின்றுகொண்டிருந்தது. நேற்றுவரை ஆறு எட்டு நடந்தால் கை தொடும் சுவர். கனி சட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டுப் போட்டு எண்ணினாள். பதினெட்டு. திரும்பி வரும்போதும் எண்ணினாள், அதே பதினெட்டு. சரி என்று சட்டியை எடுத்து விளக்கினாள், ஏனென்றால் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் அவள் எட்டு மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும், சுவர் நடந்த கதையைச் சொல்லி நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாது.

ஏன் நடந்தது என்று கேட்டால் அவளுக்கே லேசாகத் தெரியும். முந்தின நாள் அந்தக் கூடத்தில், வதங்கிப்போன கத்தரிக்காயையும் கத்திக்கு மசியாத முற்றின வெண்டைக்காயையும் அரிந்துகொண்டிருந்தவள், அரிவாள்மணையைத் தள்ளிவைத்து, கொதிக்கிற அண்டாவைப் பார்த்து, "இந்த ஆடிப்பட்டத்துக்கு நானே கத்தரி போடுதேன், வெண்டையும் போடுதேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். கேட்பதற்குச் சின்னப் பேச்சு. ஆனால் ஒன்பது வருஷமாக அந்தப் புறவாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூடக் கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பீர்க்கங்கொடி இருந்தது. கனியின் புருஷன் ஐயாத்துரை, கரண்டு ஆபீசில் வயர்மேன், ஒரு நாள் சட்டைப்பையில் ஒரு பிடி பீர்க்கை விதையோடு வந்தான். சந்தையில் வாங்கினேன் என்றான். கனி ஊன்றினாள், தண்ணீர் ஊற்றினாள், கொடி பந்தலில் ஏறி, பந்தல் போதாமல் ஓட்டில் ஏறி, ஓட்டைத் தாண்டித் தெருப்பக்கம் எட்டிப் பார்த்து, சாயங்காலமானால் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. முதல் காய் பறித்த அன்றைக்குச் சாயங்காலம் ஐயாத்துரை நெஞ்சை அடைக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தான். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் மூன்றாம் நாள், ஐயாத்துரையின் அக்கா ஆவுடையம்மாள், எதிர்வரிசையில் நாலாவது வீடு, குழாயடியில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, "பீர்க்கங்கொடி கூரையைத் தாண்டுனா ஆளைத் தாண்டும்னு இவளுக்குத் தெரியாதா? தண்ணி ஊத்தி வளத்தால்லா எந் தம்பிக்கு எமனை!" என்றாள். அப்படி ஒரு சொலவடையை அதுவரை தெருவில் யாரும் கேட்டதில்லை. அன்று விளக்கு வைப்பதற்குள் எல்லோருமே அதைத் தங்கள் அம்மா வாயால் கேட்டு வளர்ந்தவர்களாக ஆகிவிட்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர் வாயை எதைக்கொண்டு மூடுவது? அன்றையிலிருந்து காய்கறி வண்டிக்காரர்கூட அந்தத் தெருவுக்குள் வந்தால் பீர்க்கங்காயைச் சாக்கால் மூடிக்கொண்டுதான் வருவார்.

கனி கொடியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். அழவில்லை. அழுதால் செய்த பாவத்துக்கு அழுகிறாள் என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். இரண்டில் கல்நெஞ்சு தேவலை என்று நினைத்தாள். மகளைப் படிக்கவைத்தாள், கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள், தன் சம்பளத்தில் கஞ்சி குடித்தாள், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, அவளுக்கு வேண்டியது ஒன்று இருந்தது: நீ கொல்லவில்லை என்று யாராவது அந்தக் குழாயடியில் நின்று, ஊர் கேட்க, ஒரு தடவை சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவள் காதுக்கு வரவில்லை.

இப்போது சுவர் கதைக்கு வருவோம். சுவருக்குப் பின்னால் மில்லின் உமிக்களம். மில் முதலாளி தன் நிலத்தைத் தின்றுவிட்டாள் என்று கயிறும் ஆளுமாக வந்து அளந்தார். அவர் களத்தில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. பக்கத்துச் சந்து வழியாக வெளியே நடந்து பார்த்தால் கனி வீட்டுப் புறவாசல் ஆறே எட்டு, உள்ளே நடந்தால் பதினெட்டு. தாலுகா ஆபீசிலிருந்து வந்த சர்வேயர் உள்ளே இரண்டு தடவை, வெளியே மூன்று தடவை சங்கிலி பிடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, "வெளியில் சரி, உள்ளே அதிகம், ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். அதோடு சந்தேகம் தீர்ந்தது. மறுநாளே தெரு அந்த இடத்துக்குப் பழகிவிட்டது. ஒருத்தி வற்றல் காயப்போட வந்தாள், ஒருத்தர் ஷேர் ஆட்டோ நிறுத்தலாமா என்று கேட்டார், காதுகுத்துப் பந்தலுக்கு இது தோது என்று இரண்டு குடும்பம் நாள் பார்த்தது. கனி வாசல்படியில் நின்று, "வத்தல் இன்னைக்கு மட்டும். ஆட்டோ ஆகாது. இங்ஙன நான் காய் போடப் போறேன்" என்றாள்.

"காயா? என்ன காய்?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

விதைக்கடைக்காரர் வழவழப்பான பாக்கெட்டுகளைக் கடைப்பலகையில் விசிறிபோல் விரித்து, இது இத்தனை நாளில் காய்க்கும், இது இத்தனை கிலோ தரும் என்று மூச்சுவிடாமல் சொன்னபோது, கனி ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தன் உடம்போடும் தன் நாளோடும் வைத்துப் பார்த்தாள். கத்தரியில் முள்ளுக்கத்தரிதான் என்று முடிவுகட்டினாள். கை கிழிக்கும், கிழிக்கட்டும், குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் குழையும். வெண்டையில் யானைத்தந்த வெண்டை, ஏனென்றால் ஒரு நாள் பறிக்கத் தப்பினாலும் நார் பிடிக்காது, வேலைக்குப் போகிறவளுக்கு அதுதான் சரி. புடலையில் குட்டைப் புடலை போதும், நெட்டைப் புடலைக்கு நுனியில் கல்லைக் கட்டி ஏணி வைத்து ஏறி இறங்க அவளுக்கு ஆள் இல்லை. செடியவரை ஐம்பது நாளில் காய்த்து ஓய்ந்துவிடும், கொடியவரைக்குத் தை பிறக்கவேண்டும் என்றார் கடைக்காரர். "கொடியவரையே குடுங்க, காத்துக் கெடக்க எனக்குத் தெரியும்" என்றாள் கனி. கத்தரியும் வெண்டையும் ஏற்கெனவே இடம் வாங்கிவிட்டவை. அவை போக, அவள் இப்படிப் புதிதாக ஒன்றை இதுதான் என்று சொல்லி மடியில் முடியும்போதெல்லாம், அங்கே வீட்டில் சுவர் ஆறு எட்டுப் பின்னால் போனது. கண்ணால் பார்த்தவள் பக்கத்து வீட்டுக் காந்திமதி. கனி வீட்டுப் பின்சுவரோடு கட்டிய துணிக்கொடியில் சேலை உலர்த்திக்கொண்டிருந்தாளாம், சேலையின் ஒரு நுனி எட்டாமல் போய்விட்டதாம். "ஏ கனி, நீ இன்னும் வாங்கிக்கிட்டே இருந்தா எனக்குக் கயிறு பத்தாது பாத்துக்கோ" என்றாள்.

கடையில் இல்லாத ரகங்களுக்குத் தெருவிலேயே கையேந்தினாள். தொட்டித் தெருவில் விதை கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள், ஆனால் சும்மாவும் கொடுக்கமாட்டார்கள். விதை வாங்குகிறவள் கொடுக்கிறவள் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி வைக்க வேண்டும். வைக்காமல் வாங்கினால், விதையோடு கொடுத்த வீட்டு உசுரும் ஒன்று கூடப் போய்விடும் என்று ஒரு பயம். கனி மடியில் அரிசியோடு வீடு வீடாகப் போய், தக்காளி, சம்பா மிளகாய், சீனியவரை, தண்டங்கீரை, தடியங்காய் என்று சேர்த்துக்கொண்டு வந்து, சம்படத்து மூடிகளில் தனித்தனியாக வைத்துத் தரையில் பரப்பினாள். மிதிபாகலையும் கும்பச்சுரையையும் சேர்த்து மொத்தம் பதினொரு மூடி.

விதை கொடுத்தவர்கள் மறுநாள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், கையில் ஆளுக்கொரு தடையோடு. முதலில் காந்திமதி. "கனி, எல்லாம் போடு, பாவக்கா மட்டும் வேண்டாம்ளா. எங்க வீட்டுக்கு அது ஆகாது. எங்க சித்தி பாவக்கா போட்ட வருசம் நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சு. சுவரை ஒட்டி எங்க வீடு, கொடி எட்டிப் பாத்துரும்." அடுத்து, ஓய்வுபெற்ற ஞானதுரை வாத்தியார், தெருவே சார்வாள் என்று கூப்பிடும் மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசுகிறவர், செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே, "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா. ஆனா புடலை போட்ட வீட்டுல பாம்பு வரும். எங்கப்பாவுக்கு வந்தது" என்றார். மூன்றாவது, தையல்கார மைதீன்பாத்து. "சொரைக்கா போட்ட மாசம் எங்க வாப்பா கடை எரிஞ்சிச்சு, புள்ள. மனசு கேக்க மாட்டேங்கு, ஒனக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காது."

மூன்று பேரும் நல்லவர்கள். ஒன்பது வருஷத்தில் கனிக்கு ஆக்கிப்போட்டவர்கள், மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவர்கள், பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். பகையாளி சொன்னால் எதிர்த்து நிற்கலாம், பாசக்காரர் சொன்னால் என்ன செய்வது? கனி மூன்று தடவையும் தலையாட்டி, "சரி, போடல" என்றாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் சுவர் பக்கத்தில் வந்திருந்தது, மூன்று ரகத்துக்கு ஆறு ஆறாகப் பதினெட்டு எட்டு. வந்ததும் வந்தது, காந்திமதியின் சேலையை முகத்தில் போர்த்திக்கொண்டு வேறு நின்றது.

கனி அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு வந்தது கோபம், நல்ல சுத்தமான கோபம், ஒன்பது வருஷம் உப்புப் போட்டு ஊறவைத்த கோபம். ஒருத்தருக்குப் பாகல் ஆகாது, ஒருத்தருக்குப் புடலை ஆகாது, இருபத்தேழு வீட்டுப் பயத்தையும் நான் வாங்கி என் மண்ணில் போட்டால் விளைவது என்ன? சேலையை மடித்து எடுத்துக்கொண்டு நேரே காந்திமதி வீட்டுக்குப் போனாள். "காந்தி, ஒன் சேலை இந்தா. பாவக்கா போடத்தான் போறேன். கல்யாணம் நின்னா எங்கிட்ட வா, மாப்பிள்ளை நான் பாக்கேன்." வாத்தியார் வீட்டுக்குப் போனாள். "சார்வாள், புடலை போடுதேன். பாம்பு வந்தா அதுக்கும் ஒரு பாத்தி விட்டுட்டாப் போவுது." மைதீன்பாத்து வீட்டில் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, சொரைக்கா போடுதேன். மொத காய் ஒங்களுக்கு" என்றாள். ஒவ்வொரு வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போதும், அவளுக்குப் பின்னால், எங்கோ, கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தெருவும் கேட்டது. "கனி முடிவு பண்ணிட்டா போல" என்று சொல்லிக்கொண்டு தெரு தன் வேலையைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து பாத்தி பிரிக்கக் கயிறு பிடித்தாள். பழைய இடம் ஆறு எட்டு, பதினொரு ரகத்துக்கு அறுபத்தாறு, மொத்தம் எழுபத்திரண்டு இருக்கவேண்டும். எழுபத்தெட்டு இருந்தது. மறுபடி அளந்தாள், வெயிலில் தலை சுற்ற மூன்றாவது தடவையும் அளந்தாள். பதினொரு மூடிக்குப் பன்னிரண்டு பாத்தி. கடைசிப் பாத்தி, சுவரை ஒட்டி, யாரும் கேட்காமல் வந்து பரந்து கிடந்தது. இன்னது போடுகிறேன் என்று அவள் சொல்லாமல் அந்த மண் ஒரு சாண்கூட வந்ததில்லை. அப்படியானால் அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள், வாயால் சொல்லாமல் உள்ளே சொல்லியிருக்கிறாள், அதை அவள் காது கேட்பதற்கு முன்னால் மண் கேட்டிருக்கிறது. கனி கயிற்றைக் கீழே போட்டாள். பிறகு சொன்னாள், சுவருக்குக் கேட்கும்படி, சுவருக்கு அந்தப்பக்கம் உமி அள்ளுகிறவர்களுக்கும் கேட்கும்படி: "பீர்க்கங்காய் போடுதேன்."

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள்; இந்தப் பேச்சு முற்றக்கூட இல்லை, பிஞ்சிலேயே தெருவுக்கு வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் ஆவுடையம்மாள் வந்தாள். அறுபது வயது, கனத்த சரீரம், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி.

"ஏட்டி, எந் தம்பியைத் தின்ன கொடியை மறுபடியும் ஊனப் போறியாமே?"

"ஆமா மதினி."

"நான் உசுரோட இருக்கவரைக்கும் நடக்காது."

"நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும் மதினி. நானும் போடத்தான் செய்வேன்."

ஆவுடையம்மாள் எழுபத்திரண்டு எட்டு நடந்துபோய், பன்னிரண்டாவது பாத்தியின் நடுவில் நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். கனி அவளை எழுப்பவில்லை. மற்றப் பதினொரு பாத்தியையும் கொத்தினாள், எரு போட்டாள், ஓரம் கட்டினாள், ஒவ்வொரு ரகமாக ஊன்றினாள், தண்ணீர் விட்டாள். பொழுது சாய்ந்ததும் ஆவுடையம்மாள் எழுந்துபோய், விடிந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் கனி கொண்டுபோய் வைத்த காபியைத் தொடவில்லை. இரண்டாம் நாள் குடித்தாள். மூன்றாம் நாள் சீனி பற்றாது என்றாள். இதற்குள் அந்த மண் தன் பங்குக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது: நாற்காலிக் கால்கள் நாலும் மணிக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கின. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "பெரியம்மா காலையில இருந்ததுக்கு இப்பம் கொஞ்சம் குட்டை" என்று கணக்குச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆவுடையம்மாள் தரையோடு தரையாக, முழங்கால் மோவாயில் இடிக்க, குடைக்குள் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் பிடி விடவில்லை. பிடிவாதத்தில் அவர்கள் இரண்டு பேருமே ஒரே ரகம்.

அன்றைக்குக் கடையிலிருந்து பீர்க்கை விதைப் பாக்கெட்டோடு வந்த கனி, அதைப் பிரித்து, ஆவுடையம்மாள் கண்ணெதிரே உள்ளங்கையில் கொட்டிப் பொறுக்கினாள். ஆவுடையம்மாளுக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"இது நெட்டைப் பீர்க்குல்லா" என்றாள் சள்ளென்று. "சப்புன்னு இருக்கும். அது இது இல்ல. அது குட்டைப் பீர்க்கு, வெதை இதைவிடத் தடிப்பு, ஓரத்துல வெள்ளைக் கோடு ஓடும்."

கனி பொறுக்குவதை நிறுத்தினாள். "மதினி, அந்த வெதையை அவுக சந்தையில வாங்குனாக. நான் ஊனுன அன்னைக்கு நீங்க ஊருல இல்ல. வெதையில கோடு ஓடுனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆவுடையம்மாள் குடையை ஒரு சுற்றுச் சுற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஒன்பது வருஷம் மறைத்திருந்தாள், பூசணி பெரிதா சோறு பெரிதா என்று யாரும் கேட்காததால். இப்போது நாற்காலியோடு மண்ணில் புதைந்து உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து ஓடக்கூட வழி இல்லை.

"நாந்தான் குடுத்தேன்" என்றாள். "சந்தைன்னு சொல்லுடான்னதும் நாந்தான், நாத்தனா குடுத்ததுன்னா நீ மூஞ்சியைத் தூக்குவேன்னு. குடுக்கும்போது கையில ஒரு பிடி அரிசி வாங்கலை. கூடப் பொறந்தவன்கிட்ட என்னத்த அரிசி வாங்கன்னு நெனச்சேன். குடுத்த வீட்டு உசுரு ஒண்ணு கூடப் போவும்னு தெரியும், தெரிஞ்சும் வாங்கலை. போயிருச்சு."

கனி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். விதைகள் மண்ணில் சிதறின.

"அப்பம் கொன்னது நீங்கன்னு நெனச்சிக்கிட்டுத்தான், கொன்னது நான்னு சொன்னீங்களா?"

ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிஷம் கனி அவளை அடித்திருந்தாலும் தெரு ஒன்றும் கேட்டிருக்காது. கனி அடிக்கவில்லை. "இதை எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரியும், நான் கொல்லல. குழாயடியில சொல்லுங்க. அங்ஙன சொன்னதை அங்ஙனதான் எடுக்கணும்" என்றாள்.

"என்னால முடியாதுட்டி."

"முடியாட்டா எந்திரிங்க. எனக்கு வேலை கெடக்கு."

எந்திரிக்கத்தான் முடியவில்லை. கனி இரண்டு கையையும் கொடுத்து, காலை ஊன்றி, மூச்சுப் பிடித்து நாத்தனாரை மண்ணிலிருந்து தூக்கிவிட்டாள். அது மன்னித்த கை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மறுநாள் காலை கனியின் வாசற்படியில் பழைய துணியில் முடிந்த ஒரு முடிச்சு இருந்தது. உள்ளே நாலே நாலு விதை, தடிப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓட. ஒன்பது வருஷத்து விதை முளைக்காது என்று விதைக்கடைக்காரர் சத்தியம் பண்ணுவார். கனி ஒரு பிடி அரிசியை எடுத்துப்போய், ஆவுடையம்மாள் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்து, நாற்காலிக் கால் பதிந்த நாலு குழியில் நாலு விதையையும் ஊன்றினாள். ஐந்தாம் நாள் நாலும் முளைத்தன.

கொடி ஏறியது. பந்தலில் ஏறி, பந்தலிலிருந்து கயிற்றைப் பிடித்து, எழுபத்தெட்டு எட்டையும் கடந்து வீட்டுக்கு வந்து, ஓட்டில் ஏறி, தெருப்பக்கம் இறங்கியது. கனி தடுக்கவில்லை, போகிற திசைக்கெல்லாம் கயிறு கட்டிக் கொடுத்தாள். தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. எதிர்வீடுகளில் சாயங்காலமானால் ஜன்னலைச் சாத்தினார்கள், பூவைப் பார்க்கக்கூடாதாம். காந்திமதியின் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தபோது எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். காய்ச்சல் விட்டபோது எல்லோரும் மாத்திரையைப் பாராட்டினார்கள். தைக்குக் காத்திருந்த கொடியவரை தவிர மற்றப் பத்துப் பாத்தியும் காய்த்துக் குலுங்கின. பாகலையும் புடலையையும் சுரையையும் சும்மா வாங்கிப்போய்த் தெருவே தின்றது. பாம்பு வரவில்லை, கடை எரியவில்லை, கல்யாணம் ஒன்று நிச்சயம்கூட ஆனது. ஆனால் புரட்டாசியில் குட்டை குட்டையாகப் பீர்க்கை காய்த்தபோது, கனி ஒரு ஓலைக் கடவம் நிறையப் பறித்துக் கொண்டுபோய்க் குழாயடிச் சுவரில் வைக்க, ஒரு கை நீளவில்லை. வெயிலுக்கு வாடினதை எடுத்துப்போய் மாட்டுக்குப் போட்டாள், மறுநாள் புதிதாகப் பறித்து வைத்தாள், அதற்கு மறுநாளும் வைத்தாள். காய்க்கிறவரை வைப்பேன் என்று அவளும், காய்ந்தாலும் தொடமாட்டோம் என்று தெருவும்.

நாலாம் நாள் காலை, தண்ணீர் வரும் நேரம், இருபது பெண்கள், இருபது குடங்கள். ஆவுடையம்மாள் குடம் இல்லாமல் வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. நேரே போய்க் கடவத்திலிருந்து ஒரு காயை எடுத்து, வரியைத் தடவிப் பார்த்து, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினாள். ஆரம்பத்தில் குரல் வரவில்லை, குழாய்ச் சத்தம்தான் கேட்டது. மைதீன்பாத்து குழாயை அடைத்தாள்.

"இந்த வெதை நான் குடுத்தது" என்றாள் ஆவுடையம்மாள். "அரிசி வாங்காமக் குடுத்தேன், அதான் போனான்னு ஒம்பது வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதுவும் பொய். அது எனக்கு நானே சொல்லிக்கிட்ட பொய். எந் தம்பி சாகுறதுக்கு ஒரு வாரம் முந்தியே நெஞ்சு வலிக்கு அக்கான்னு எங்கிட்ட வந்தான். கனிகிட்டச் சொல்லாத, பயந்துருவான்னான். வாயுடா அதுன்னு சொல்லிப் பூண்டைத் தட்டி வெந்நில போட்டுக் குடுத்து அனுப்புனேன். மறுக்கா வந்தான், மறுக்காவும் பூண்டுதான் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போடான்னு ஒரு வார்த்தை சொல்லலை. நான் சொல்லலை. வெதை ஒண்ணும் பண்ணலை, கொடி ஒண்ணும் பண்ணலை." மூச்சு வாங்கினாள். "சண்முகக்கனி ஒண்ணும் பண்ணலை. இவ கொல்லலை. கேட்டுக்கிடுங்க எல்லாரும், இவ கொல்லலை."

கனி கடவத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இந்த வார்த்தைகளை ஒன்பது வருஷமாக எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிக் கேட்டிருக்கிறாள், கேட்டதும் தலை நிமிர்ந்து நடந்து போவதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அவளுக்குள் நின்றது வேறொன்று: நெஞ்சு வலியோடு ஒரு வாரம் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறான், அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான், பூவைப் பார் பூவைப் பார் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான், பயந்துவிடுவாள் என்று ஒன்றும் சொல்லாமல். கனி அங்கேயே, ஈரத்தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில் அழுகிற அழுகை, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுகிற நாசூக்கு அழுகை இல்லை. காந்திமதி வந்து தோளைப் பிடித்தாள், மைதீன்பாத்து வந்து கட்டிக்கொண்டாள், ஒவ்வொருத்தியாகக் குடத்தை வைத்துவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்து, ஐயாத்துரைக்கு இழவு கேட்க வந்தவர்களைப்போல அவளோடு சேர்ந்து அழுதார்கள். ஆவுடையம்மாள் மட்டும் கிட்டே வரத் துணியாமல், காயோடு தனியாக நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கனி மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அந்த ஒத்தக் காயை வச்சிக்கிட்டு என்ன செய்வீங்க மதினி? இன்னும் ரெண்டு எடுத்துக்கிடுங்க. தோலை எறிஞ்சிராதீங்க, தொவையலுக்கு வேணும்" என்றாள்.